பாலத்துக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கெசியா பனிவண்டியிலிருந்து இறங்கி, தான் பிறந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாளே, அதற்கப்புறம் ஸ்டான்வுட்டில் இரண்டு முறை பெரும்பனி கொட்டி ஓய்ந்துவிட்டது.

புருஷனை நியூயார்க் பக்கத்து மண்ணில் புதைத்தாள். அவன் தம்பிகள் வீட்டை விற்றார்கள். ஒரு மூட்டையும் ஓர் இருமலுமாகப் பிறந்த வீட்டுக்கே, தன் தம்பியிடம் வந்து சேர்ந்தாள். மூட்டையைத் தம்பி மனைவி லொவீசா மாடியறையில் வைத்தாள். இருமலை எங்கே வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் வந்து முதுகில் காதை வைத்துக் கேட்டார். பனி உருகுவதை அந்த அம்மாள் பார்ப்பது சந்தேகம் என்று லொவீசாவிடம் சொன்னார். லொவீசா அதைக் கணவனிடம் சொன்னாள். கெசியாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவள் வந்ததே அதற்காகத்தான். பிறந்த வீட்டில் சாக வேண்டும், அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். இதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

தம்பி ஆசகேல் மார்வின் இப்போது பெரிய ஆள். வக்கீல். வெர்மான்ட் சட்டசபையில் ஸ்டான்வுட்டின் பிரதிநிதி. அவன் சட்டம் படித்த வருஷங்களில் கெசியா ஊரார் வீடுகளில் கம்பளி நூற்றாள், சீஸ் பிழிந்தாள், பிரசவம் பார்த்தாள். தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள். அவன் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்ட வருஷம்தான் தனக்கென்று ஒருவனைப் பார்த்துக் கிளம்பிப் போனாள். ஆகவே தம்பி கோர்ட்டில் பேசி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்று காலை சோளக்கூழை அவள்தான் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உட்காரு அக்கா. லொவீசா பாத்துப்பா."

"உன் பொண்டாட்டி கிண்டினா கட்டி தட்டுதுடா. சொன்னா கோவிச்சுக்கறா."

"நான் எங்க கோவிச்சுக்கிட்டேன் அண்ணி? கரண்டியைத்தான் கேட்டேன்" என்றாள் லொவீசா.

"கேக்கற மாதிரியா இருந்துச்சு? பிடுங்கற மாதிரி இருந்துச்சு." கெசியா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "என்னடா இது, கழுத்துல இத்தனை சுத்துத் துணி? தொண்டை வலியா?"

"கோர்ட்டுக்கு இப்படித்தான் கட்டிட்டுப் போகணும்."

"அப்ப இன்னைக்கு நீ பேசறியா? நானும் வரேன்."

ஆசகேல் ஸ்பூனைக் கீழே வைத்தான். "குளிர் கொல்லுது அக்கா. இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு ஒண்ணும் பிரமாதமான கேஸ் இல்ல. ஏதோ வேலித் தகராறு."

"வேலித் தகராறா இருந்தா என்ன, ஊரே கேட்டிருக்கு, வளர்த்தவ நான் கேக்க வேண்டாமா? இந்தப் பனியில நான் செத்தா குழி வெட்டவும் முடியாது. மண்ணு கல்லாட்டம் கெடக்கு. ஏப்ரல் வரைக்கும் கொட்டகையில பலகை மேல போட்டு வெப்பீங்க. அப்புறம் வெளிய போகணும்னு நெனச்சாலும் விடமாட்டீங்க."

"அண்ணி! காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"உள்ளதைத்தானே சொல்றேன்?" கெசியா சிரித்தாள். 

வேலித் தகராறு என்று சொன்னது பொய். இன்று அவன் பேசப்போவது என்ன கேஸ் என்று அக்கா கேட்டுவிடக் கூடாதே என்று அவனுக்குக் கவலை. அதை விடப் பெரிய கவலை இன்னொன்று இருந்தது. அதைத்தான் நாலைந்து காலையாகச் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு விஷயம். ஜாபெஸ் இங்க வந்தாலும் வரலாம்."

"எந்த ஜாபெஸ்? நம்ம தோட்டத்துல ஆப்பிள் திருடி, மரத்துலேருந்து எறங்கத் தெரியாம அழுதானே, அவனா?"

"அவன்தான். இப்ப கான்ஸ்டபிள்."

"கான்ஸ்டபிளா? அவனா?" கெசியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. லொவீசா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அது ஓய்ந்து, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டபோது, ஆசகேல் தொப்பியைக் கையில் எடுத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் சொல்றேன்."

வாசகர்களே, சாயங்காலம் என்பது வக்கீல்கள் கண்டுபிடித்த வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வெர்மான்ட்டில் எந்த ஊருக்கும் புதிதாக வருகிறவர்கள் ஒரு வருஷம் தங்கிவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். பிறகு நொடித்துப் போனால் ஊர்தான் சோறு போட வேண்டும். அதனால் ஒரு வழக்கம். ஊர்க் குழுவினர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, கான்ஸ்டபிள் போய், 'இந்த ஊரை விட்டுப் போய்விடு' என்று முகத்துக்கு நேரே படித்துவிடுவான். படித்துவிட்டால் ஊருக்குப் பொறுப்பில்லை. அவ்வளவுதான். யாரும் போவதில்லை. ஸ்டான்வுட்டில் பாதிப்பேர் அப்படிப் படிக்கப்பட்டவர்கள்தான். படித்த கையோடு கான்ஸ்டபிளுக்கு ஆப்பிள் ரசம் கொடுத்து அனுப்புவார்கள்.

முன்பெல்லாம் பஞ்சைகளுக்கு மட்டும்தான் படித்தார்கள். அது அவமானமாக இருந்தது. படித்தால் எல்லாருக்கும் படியுங்கள், பணக்காரனுக்கும் பாதிரியாருக்கும் படியுங்கள், யாருக்கும் விலக்கு வேண்டாம், அப்போது யாருக்கும் வெட்கமில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியவன் ஆசகேல்தான். கைதட்டினார்கள். சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

கெசியா வந்ததும் ஊர்க் குழுவினர் அவனிடமே கேட்டார்கள், உங்கள் அக்காவுக்கு என்ன செய்வது என்று. எல்லாருக்கும் உள்ளதே என் அக்காவுக்கும் என்று சொன்னான். அதில் பாதி நேர்மை. மீதிப் பாதி செப்டம்பர் தேர்தல்.

கோர்ட் அன்று சத்திரத்து மாடியில் கூடியது. அடுப்படிப் புகையும் ஈரக் கம்பளி நாற்றமுமாக ஒரே கூட்டம். முன் பெஞ்சில் கால்களைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஹல்தா கிழவி உட்கார்ந்திருந்தாள். ஸ்டான்வுட்டில் பிறந்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கில்பி ஊர்க்காரனைக் கட்டினாள். அவன் செத்ததும் வெகு காலத்துக்கு முன்பே இங்கே திரும்பி வந்துவிட்டாள். வந்த வருஷமே அவளுக்கும் வழக்கப்படி படித்தாகிவிட்டது. இப்போது நடக்க முடியவில்லை. இவளுக்குச் சோறு போட வேண்டியது எந்த ஊர்? அதுதான் கேஸ்.

ஸ்டான்வுட்டுக்காக ஆசகேல் எழுந்தான். எழுந்துவிட்டால் அவனுக்கு வீடு வாசல் எதுவும் நினைவிருக்காது. நல்ல வக்கீலுக்கு உள்ள வியாதி அது.

"கனம் நீதிபதி அவர்களே! மணமான அன்று ஒரு பெண் தன் தகப்பன் பெயரை மட்டும் விட்டுப் போவதில்லை, அவன் ஊரையும் விட்டுத்தான் போகிறாள். அதற்குப் பிறகு பிறந்த இடம் அவளுக்கு வெறும் ஞாபகம். ஞாபகத்துக்குச் சட்டம் சோறு போடாது. புருஷனுடைய ஊரே அவள் ஊர், அவன் இருந்தாலும் இறந்தாலும்."

கிழவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல.

பத்து மணிக்கெல்லாம் தீர்ப்பாகிவிட்டது. ஹல்தா கில்பியின் பொறுப்பு. கில்பிக்காக வந்திருந்த டிம்மன்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கிழவியை அப்போதே தூக்கித் தன் பனிவண்டியில் ஏற்றினான். ஸ்டான்வுட்டுக்காரர்கள் ஆசகேலின் முதுகில் தட்டினார்கள். ஒருவர் ரம் வாங்கிக் கொடுத்தார். அடுத்தடுத்து இரண்டு சின்ன கேஸ்கள் இருந்தன. அவை முடிந்து, பகல் உணவுக்கு இறங்கும்போது படிக்கட்டில் ஜாபெஸ் நின்றிருந்தான், பூட்ஸில் பனியோடு.

"முடிச்சுட்டேன் வக்கீல் ஐயா. காலையிலேயே போயிட்டு வந்துட்டேன்."

"எதை முடிச்சே?"

"உங்க அக்காவுக்குப் படிச்சதைத்தான்."

ஆசகேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "லொவீசா இருந்தாளா?"

"இல்லீங்க. மருந்துக்கு வாத்துக் கொழுப்பு வாங்கப் பக்கத்துப் பண்ணைக்குப் போயிருக்காங்களாம். அக்கா மட்டும்தான். நின்னுகிட்டே கேட்டாங்க. முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'இது என் தம்பிக்குத் தெரியுமா?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியும்மா, அவர்தானே ஊர்க் குழுகிட்ட சொன்னாருன்னேன். பொய் சொல்லக் கூடாதில்லீங்களா?"

"பாவி! இது வெறும் வழக்கம், யாரும் போகவேண்டியதில்லைன்னு சொன்னியா, இல்லியா?"

ஜாபெஸுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எப்படிங்க சொல்றது? நீங்கதானே அந்தப் பழைய கேஸ்ல..."

ஆமாம். அந்தப் பழைய கேஸ். வேறு ஊர்க் கான்ஸ்டபிள் ஒருவன் இரக்கப்பட்டு, 'இது சும்மா சடங்குதாம்மா, பயப்படாதே' என்று சேர்த்துச் சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னதால் படித்ததே செல்லாது என்று வாதாடி ஜெயித்தவன் ஆசகேல். அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் கான்ஸ்டபிள்கள் தாளில் இருப்பதற்கு மேல் மூச்சுக்கூட விடுவதில்லை.

"ஒரு வார்த்தை கூடக் கூடாது, குறையக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க" என்றான் ஜாபெஸ், அடிபட்ட குரலில்.

ஆசகேல் மதிய கேஸை மறந்தான். கோட்டைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் வண்டியை வீட்டுக்கு விரட்டினான்.

லொவீசா சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கூழ்ப்பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பங்கரை பெருக்கியிருந்தது. தணலின் மேல் சாம்பல் மூடியிருந்தது, நெருப்பு அணையாமலிருக்க. அப்படி மூடுவது கெசியாவின் கை.

"அண்ணி இல்லங்க. மூட்டையும் இல்ல. வாசல்ல வண்டித் தடம் இருக்கு. கொட்டகையெல்லாம் தேடிட்டேன்."

ஜாபெஸ் வந்து படித்ததை அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"நீங்களா படிக்கச் சொன்னீங்க? உங்க வாயால?"

"எல்லாருக்கும் செய்யறதுதான் லொவீசா. நம்ம பாதிரியார் வந்தப்பகூட..."

"பாதிரியார் உங்களை வளர்த்தாரா?"

ஆசகேல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சாகறதுக்கு ஒரு எடம் கேட்டு வந்தாங்க. அது ஒண்ணுதான் கேட்டாங்க. சோறு கேக்கல, துணி கேக்கல." லொவீசா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "போங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க."

வண்டித் தடம் ஆற்றுப் பக்கம் போயிற்று. உறைந்து கிடந்த ஆற்றின் மேல் மரப்பாலம். பாலத்தின் பாதிவரை ஸ்டான்வுட். அதற்கப்புறம் கில்பி. அக்கரையில் முதல் கட்டடம் கொல்லன் பட்டறை. அதன் வாசலில் டிம்மன்ஸின் பனிவண்டி நின்றது. டிம்மன்ஸ் புகையிலையை மென்றுகொண்டு சாய்ந்திருந்தான்.

"வாங்க வக்கீலே. காலையில ஒரு கிழவியை எங்க தலையில கட்டினீங்க. போற வழியில உங்க வீட்டு வாசல்ல இன்னொரு அம்மா கையைக் காட்டி ஏறிக்கிட்டாங்க. இவங்களுக்கும் தீர்ப்பு கைவசம் இருக்கா?"

ஆசகேல் அவனைத் தாண்டி உள்ளே போனான்.

பட்டறைக்குப் பின்னால், கில்பி ஊர் வேறு இடம் பார்க்கும்வரை, கொல்லன் மனைவி வைக்கோல் மெத்தை போட்டுக் கொடுத்திருந்தாள். உலைச் சுவரின் சூடு அங்கே வரும். ஒரு பக்கம் ஹல்தா கிழவி. இன்னொரு பக்கம் கெசியா, மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

"வந்துட்டியா" என்றாள். கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"அக்கா, எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம். அது வெறும் வழக்கம் அக்கா. ஊருக்கே படிக்கறது. ஒருத்தரும் போறதில்ல."

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் கல்யாணமாகிப் போறப்ப இந்த வழக்கமெல்லாம் பஞ்சைகளுக்குத்தானே இருந்துச்சு?"

"ஜாபெஸைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. தம்பிக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னான். அதுக்கு மேல நான் என்ன கேக்கணும்?"

ஆசகேல் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கழுத்துத் துணியைத் தளர்த்தினான். "சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும் காலையில சொல்லணும்னு... தப்பு பண்ணிட்டேன் அக்கா."

கெசியா அவன் தலையில் கையை வைத்தாள். கை கொதித்தது.

"ரொம்ப நாளா ஒரு ஆசை, நீ பேசிக் கேக்கணும்னு. இன்னைக்குக் கேட்டுட்டேன்டா. வழியெல்லாம் இவ சொல்லிட்டு வந்தா. பொறந்த எடம் வெறும் ஞாபகம். ஞாபகத்துக்குச் சட்டம் சோறு போடாது. அப்படித்தானே சொன்னே?"

"அது உன்னைச் சொல்லல அக்கா!"

"நல்லாத்தான் பேசினீங்க தம்பி" என்றாள் ஹல்தா கிழவி போர்வைக்குள்ளிருந்து. அவள் மனதில் கல்மிஷம் இல்லை. "எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நான் ஜட்ஜா இருந்தா நானும் என்னைத் தொரத்தியிருப்பேன்."

வெளியே சம்மட்டி இரும்பில் விழுந்துகொண்டிருந்தது. ஆசகேல் வாய்விட்டு அழுதான். அம்மா செத்த அன்று இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அதே அழுகை. சட்டசபைப் பிரதிநிதி என்பதெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அழாதேடா. டிம்மன்ஸ் பாத்தா ஊரெல்லாம் சொல்வான்."

"சொல்லட்டும். நீ வா."

"வரமாட்டேன்."

"அக்கா..."

"என் பேரைச் சொல்லி, ஊர் என்னைப் போகச் சொல்லிச்சு. போயிட்டேன். ஊர் வான்னா வரேன்."

"நான் கூப்பிடறேனே?"

"நீ ஊரா?"

"வீடு என்னுது."

"வீடு ஊருக்குள்ளதானே இருக்கு?" கெசியா கண்ணை மூடிக்கொண்டாள். பேசப் பேச மூச்சு வாங்கியது. "நான் யார் வீட்டுலயும் திருட்டுத்தனமா செத்ததில்ல பாரு. அம்மா பக்கத்துல படுக்கறதுன்னா தலை நிமிர்ந்து வந்து படுக்கணும். ஊர்க்கூட்டத்துல நீ எழுந்து நின்னு சொல்லு, கெசியா இந்த ஊர்ப் பொண்ணுன்னு. அவங்க கையைத் தூக்கட்டும். வண்டியை எடுத்துட்டு வா. நான் ஏறிக்கறேன்."

"கூட்டம் மார்ச்சுலதான் அக்கா..."

 டாக்டர் சொன்னது இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தெரியும்" என்றாள் கெசியா. "அதுவரைக்கும் இருக்கப் பாக்கறேன்."

விலக்கே கூடாது என்று பேசிக் கைதட்டல் வாங்கியவன், அதே கூட்டத்தில் எழுந்து, என் அக்காவுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் செப்டம்பரில் பிரதிநிதிப் பதவி போய்விடும். அது அவனுக்கு இப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மார்ச் வரை அந்த மூச்சு இருக்க வேண்டுமே என்பதுதான் பயம்.

லொவீசாவை அனுப்பிப் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டும், கம்பளிகள், மருந்து, டாக்டர். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு அவன் வண்டியைத் திருப்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாலத்தின் நடுவில், ஸ்டான்வுட் முடிகிற இடத்தில், ஜாபெஸ் நின்றுகொண்டிருந்தான். கையில், கெசியாவுக்குப் படித்த அந்தத் தாள்.

"உங்களைத்தான் ஐயா பாத்துகிட்டு நிக்கறேன். இதோட பின்பக்கத்துல எழுதி ஊர் எழுத்தர்கிட்ட குடுக்கணும். எப்பவும் 'படித்தேன்'னு மட்டும் எழுதிக் குடுத்துடுவேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் போனதே இல்லீங்க." தொப்பியைக் கழற்றினான். "இவங்க போயிட்டாங்களே. 'போய்விட்டார்'னு எழுதணுமா?"

எழுதி ஊர்ப் புத்தகத்தில் ஏறிவிட்டால் கெசியா ஸ்டான்வுட்டை விட்டுப் போனவள். மார்ச்சில் கை தூக்க நினைப்பவர்கள்கூட, அதுதான் போய்விட்டாளே என்று கையைக் கீழே போட்டுக்கொள்வார்கள். ஆசகேலுக்கு அது கண்ணாடிபோலத் தெரிந்தது.

"எழுதாதே ஜாபெஸ்."

"ஐயா?"

"அவ போகல. பாலத்தைத் தாண்டி இருக்கா, அவ்வளவுதான். மார்ச் வரைக்கும் அதை எழுதாதே."

ஜாபெஸ் தாளையும் பார்த்தான், வக்கீலையும் பார்த்தான். "நடந்ததை நடந்தபடி எழுதணும், ஒரு வார்த்தை கூடக் கூடாது..."

"நான்தான் சொன்னேன். தெரியும்."

"இதுவரைக்கும் நாம யாருக்காவது விலக்கு குடுத்திருக்கோமா ஐயா?"

கேட்டவன் குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆசகேல் கடிவாளத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது. அந்த அமைதியில், ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. ஆரம்பித்தது லேசில் நிற்கவில்லை. இரண்டு பேரும் அது ஓயும்வரை அசையாமல் இருந்தார்கள்.

ஜாபெஸ் தாளை மடித்துத் தொப்பிக்குள் செருகி, தொப்பியை மாட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தான். எழுதுவானா, மாட்டானா என்று அவன் சொல்லவில்லை. கூப்பிட்டுக் கேட்க ஆசகேலுக்கு வாய் வரவில்லை.